ஹெட்லைட் போட்டால் கொடைக்கானல் எஃப்எம் காணாமல் போகிறது

திருச்சியிலிருந்து:

மாதம் நான்கு முறையாவது இரவில் மதுரைக்கு கார் ஓட்டுகிறேன். வழித்துணை கொடைக்கானல் வானொலிதான், 100.5 மெகாஹெர்ட்ஸ். மலைமேல் கோபுரம் இருப்பதால் சமவெளியில் வெகுதூரம் எடுக்கும். போன ஐப்பசி மழையில் வெளிச்சம் போதவில்லை என்று 60/55 வாட் ஹாலஜன் பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி போட்டேன். அன்றிரவே விராலிமலை தாண்டியதும் ஒரே கரகரப்பு. ஹெட்லைட்டை அணைத்தால் பாட்டு தெளிவாக வருகிறது, போட்டால் போய்விடுகிறது. கடையில் கேட்டதற்கு, "ஸ்டீரியோ பழசு சார், மாத்திடுங்க" என்றார்கள்.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். என்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பேட்டரியில் ஓடும் சின்ன டிரான்சிஸ்டரை எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். அலறியது. ஒரு முழம் தள்ளினால் அடங்கியது. ஸ்டீரியோவில் குற்றமே இல்லை.

அந்தப் பெட்டி 12 வோல்ட்டை நொடிக்குப் பல்லாயிரம், சிலவற்றில் லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டித்தான் எல்இடிக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் எழும் இரைச்சல், அந்த வேகத்தின் பல மடங்கு அதிர்வெண்களில் எஃப்எம் வரை ஏறிவிடும். பெட்டியின் வயர்களே ஆன்டெனாவாகி அதைப் பரப்பும். ஹாலஜனில் வெறும் கம்பிச்சுருள்தான், அதனால் இந்தத் தொல்லை கிடையாது.

வயரில் ஏறும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெர்ரைட் (காந்தப் பொருள்) வளையம் வாங்கி முதலில் பிளஸ் வயரில் மட்டும் மாட்டினேன், பலனில்லை. ஒற்றை வயரில் ஓடும் பேட்டரி மின்னோட்டமே வளையத்தைக் காந்தத்தால் நிறைத்துவிடுகிறது, இரைச்சலைத் தடுக்க அதில் இடமில்லாமல் போகிறது. பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்து நுழைக்க வேண்டும்; அப்போது எதிரெதிர் மின்னோட்டம் கழிந்து, இரைச்சலை மட்டும் வளையம் தடுக்கும். அப்புறம் சுற்றுகள். மூன்று சுற்று சுற்றினால் தடுப்பு ஏறக்குறைய ஒன்பது மடங்காகும். பெட்டியை ஒட்டியே இருக்க வேண்டும், தள்ளிப் போட்டால் நடுவிலுள்ள வயர் பரப்பிக்கொண்டிருக்கும். பேட்டரிப் பக்கம் ஒன்று, பல்புப் பக்கம் ஒன்று போட்டதும் பாதி குறைந்தது.

மீதிக்குக் காரணம் நான் நினைக்காத இடத்தில் இருந்தது. கூரை ஆன்டெனாவின் அடி நட்டில் துரு. கேபிளின் வெளிக்கவசத்துக்கு பாடியோடு தொடர்பே இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினேன். இப்போது துவரங்குறிச்சி வரை பாட்டு அறுபடாமல் வருகிறது. வளையம் வாங்கும் முன் எல்லோரும் இந்த நட்டைப் பாருங்கள்.

சென்னையிலிருந்து:

எனக்குத் தொல்லை தந்தது பம்பரில் ஒட்டிய, பகலிலும் எரியும் எல்இடி பகல்விளக்கு. 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் ஒரே ரீங்காரம், ரிமோட் சாவியும் பத்தடிக்குள் வந்தால்தான் திறக்கும். எஃப்எம்முக்கு வாங்கிய வளையம் மத்திய அலையில் அவ்வளவாக உதவவில்லை. கடைசியில் ரெசிஸ்டர் மட்டும் வைத்த சாதாரண எல்இடிப் பட்டையாக மாற்றினேன். கொஞ்சம் சூடாகும். வெட்டும் சர்க்யூட் இல்லாததால் ரீங்காரமும் இல்லை, சாவியும் சரியாகிவிட்டது.

சேலத்திலிருந்து:

நான் ஹாலஜனுக்கே திரும்பிவிட்டேன். ஹாலஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடி வைத்தால் ஒளி சிதறி, எதிரே வருபவர் கண் கூசுகிறது. ஒருநாள் பைக்கில் வந்தவர் தடுமாறி நின்றதைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் செய்து, பல்புக்கு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் தரும் புது ரிலே போட்டதிலேயே வெளிச்சம் நன்றாகக் கூடியது.