கொல்லிமலை இறக்கமும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த இரண்டு பேடிலும்

வண்டி வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. பெட்ரோல், சிவிடி என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இடப்பக்கம் கழித்தல் குறி, வலப்பக்கம் கூட்டல் குறி போட்டு, கியரைக் குறைக்கவும் கூட்டவும் இரண்டு பேடில் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். டெலிவரி கொடுத்த பையன் "ஸ்போர்ட்டியா ஓட்டணும்னா இதைத் தட்டுங்க சார்" என்றதோடு சரி. பைபாஸில் ஒருநாள் தட்டிப் பார்த்தேன், சத்தம்தான் கூடியது, அத்தோடு மறந்துவிட்டேன்.

போன ஆடிப்பெருக்குக்குக் கொல்லிமலை போனோம். வண்டியில் ஐந்து பேர், டிக்கியில் அன்னாசியும் மிளகும். அறப்பளீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு சாயங்காலம் காரவள்ளி பக்கம் இறக்கம், மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. நான் பாட்டுக்கு லீவரை டி-யில், அதாவது சாதாரண டிரைவ் நிலையில் போட்டு பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தேன். ஏறும்போது எவ்வளவு சுகமாக ஏறியதோ அதே சுகத்தில் இறங்கிவிடலாம் என்ற நினைப்பு. பாதி தூரம் வந்திருப்போம், பின்சீட்டில் இருந்து அம்மா "யாருடா இங்க ரப்பரை எரிக்கிறது" என்றார். எரிந்தது நம் வண்டிதான். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் வழக்கத்தைவிட ஆழமாகப் போய்த்தான் பிடித்தது. அந்த ஒரு நொடி வயிற்றில் என்ன நடந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டினேன். முன்சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோகவே முடியவில்லை, அவ்வளவு அனல். முக்கால் மணி நேரம் நின்றோம். காய்கறி ஏற்றி வந்த ஒரு வேன்காரர் நிறுத்தி விசாரித்துவிட்டு, "ஏறின கியர்லயே இறக்கணும் சார், ஆட்டோமேட்டிக்னா மலை சும்மா விட்டுடுமா, கியரைக் குறைக்க வழி ஏதாவது வச்சிருப்பானே" என்றார். அப்போதுதான் அந்தக் காதுகள் ஞாபகத்துக்கு வந்தன.

கிளம்பி இடது பேடிலை இரண்டு தட்டு. என்ஜின் உறுமியது, வண்டியை யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டிப் பிடித்தது போல் நின்று நிதானித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டால், ஒரு சில நொடியில் திரையில் மறுபடி டி வந்துவிட்டது, உறுமல் அடங்கி வண்டி சட்டென்று பாய்கிறது, எதிரே வளைவு! டி-யில் இருந்துகொண்டு தட்டினால் அது தற்காலிகம்தானாம், கொஞ்ச நேரத்தில் தானாகப் பழைய நிலைக்குப் போய்விடும். லீவரை எஸ்-க்கு, அதாவது ஸ்போர்ட் நிலைக்கு இழுத்து அப்புறம் தட்டினால்தான் கேட்ட கியரிலேயே நிற்கிறது. இரண்டில் வைத்து அடிவாரம் வரை வந்தேன், வளைவில் மட்டும் லேசாக பிரேக். கையேட்டில் இதெல்லாம் இருக்கிறது, படிக்காதது என் தப்பு.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

*

ஏற்காட்டில் 20 வளைவுதான், அதிலேயே எனக்கு வாடை வந்திருக்கிறது. நான் இயற்பியல் வாத்தியார், அதனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் கிட்டத்தட்ட 1.37 கோடி ஜூல். சாதாரணத் தண்ணீர் 45 லிட்டரைக் கொதி வரை கொண்டுபோகிற சூடு அது. காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும், மீதியெல்லாம் நாலு சக்கரத்து பிரேக் தலையில், அதிலும் முன்பக்கத்துக்குத்தான் அதிகம். சட்டியை அடுப்பில் வைத்த மாதிரிதான்.

கியரைக் குறைத்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கை என்ஜின் வாங்கிக்கொள்கிறது. பெட்ரோல் வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்று போகும் வழி மூடிக்கொள்ளும், பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கும், அந்த முக்கல்தான் நமக்கு பிரேக். என் மாமனார் இன்னமும் இறக்கத்தில் நியூட்ரல் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறார். கியரில் இருந்தால் சக்கரமே என்ஜினைச் சுற்றுவதால் வண்டியின் கணினி பெட்ரோலை மொத்தமாக நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமல் ஓட பெட்ரோல் ஊற்ற வேண்டும். சொன்னால், "நான் 1978ல இருந்து ஓட்டறேன் மாப்ளே" என்பார். கணினி இல்லாத அந்தக் கார்புரேட்டர் காலத்தில் அவர் கணக்கு தப்பில்லை, இப்போது தப்பு.

*

எனக்கு டீசல், டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு, மாதம் ஒரு தடவை போய்வருகிறேன். முதலில் என்ஜின் சுற்று 4,000 ஆர்பிஎம் காட்டியதும் என்ஜின் போச்சு என்று பயந்து மேலே தட்டிவிடுவேன். சிவப்புக் கோட்டைத் தொடாதவரை ஒன்றும் ஆகாது, ரொம்ப வேகத்தில் கீழே தட்டினால் வண்டியே மறுத்து ஒரு பீப் சத்தம் போட்டு நிறுத்திக்கொள்ளும்.

ஆனால் பேடில் விஷயத்தில் ஒரு எரிச்சல். என் வண்டியில் அது ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றும். கொண்டை ஊசியில் ஸ்டீயரிங்கை ஒடித்த நிலையில் கழித்தல் எங்கே, கூட்டல் எங்கே என்று தேடினால் சாமிதான் காப்பாற்ற வேண்டும். ஒருதடவை தப்பாகக் கூட்டலைத் தட்டி, நடு வளைவில் வண்டி இழுத்துக்கொண்டு ஓடியது. வளைவுக்கு முன்னால், கை நேராக இருக்கும்போதே தட்டிவிட வேண்டும். என்னைக் கேட்டால் மலையில் பேடிலைவிட லீவரே மேல், அது எங்கேயும் சுற்றிக்கொண்டு போகாது.

இன்னொன்று, என்ஜினால் வேகம் குறையும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. ஒட்டிக்கொண்டு வந்த பஸ்காரர் ஒருநாள் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து கியர் குறைக்கும்போது பிரேக் பெடலை லேசாகத் தொட்டுவிடுவது வழக்கம்.

*

நான் இலங்கை, கண்டிப் பக்கம். இங்கே ரோட்டில் பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஜப்பான் ஹைபிரிட் வாகனங்கள் நிறைய, அவற்றில் பலவற்றில் பேடில் கிடையாது, லீவரில் பி என்று ஒன்று இருக்கும். பிரேக் என்பதற்குத்தான் அந்த பி, ஆனால் பேட்டரி கூடுதலாகச் சார்ஜ் ஆகும் என்று நினைத்துச் சமதரையிலும் அதிலேயே ஓடுகிற ஆட்கள் உண்டு, நானும் இரண்டு வருசம் அப்படித்தான் ஓடினேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கிருந்து இறம்பொடைப் பக்கம் இறங்கினால் பாதி வழியிலேயே பேட்டரி நிரம்பிவிடும், அதற்குப் பிறகு சக்கரம் மோட்டாரைச் சுற்றி உண்டாக்குகிற மின்சாரம் போய்ச் சேர இடமில்லை. அப்போது பி-யில் போட்டால் எரிபொருளே இல்லாமல் என்ஜின் சுழன்று வாகனத்தைப் பிடிக்கும். முதல்தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏதோ உடைந்துவிட்டது என்று ஓரமாக நிறுத்தி, பொனட்டைத் திறந்து பார்த்தேன்.

*

பேட்டரி நிரம்புகிற கதை என்னுடையதும்தான், மின்சார கார். இதில் பேடிலைத் தட்டினால் மோட்டார் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பி வண்டியைப் பிடிக்கும். ஊட்டியில் ரூமிலேயே 100 சதவீதம் வரை சார்ஜ் ஏற்றிவிட்டு பெருமையாகக் கிளம்பினேன், குன்னூர் இறக்கத்தில் பேடிலை எத்தனை தட்டினாலும் வண்டி பிடிக்கவே இல்லை. நிரம்பிய குடத்தில் எப்படி ஊற்றுவது. இப்போது மலையில் 80க்கு மேல் ஏற்றுவதில்லை.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி. பிரேக் ஆயிலை மாற்றினேன். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும், காலப்போக்கில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும், கொதித்துக் குமிழி வந்தால் பெடல் நேராகத் தரைக்குத்தான். என் வண்டியிலிருந்து எடுத்தது டிகாஷன் நிறத்தில் இருந்தது. பிரேக் பேடுகளும் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகியிருந்தன, அதையும் மாற்றியாயிற்று.

வாத்தியார் சார், அந்த 45 லிட்டர் கணக்கை வீட்டில் சொன்னேன். அடுத்த மாதம் வால்பாறை போகிறோம், அம்மா இந்தமுறை முன்சீட்டில்தான் உட்காருவாராம், திரையில் டி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல.