உதவி: டார்லிங்டன்ல வலது முன் டயர் 20 லேப் கூட தாங்கல, ஞாயித்துக்கிழமை ரேஸ்

டர்ன்4_தினேஷ்
அவசரம். ஞாயித்துக்கிழமை கேம்ல, டார்லிங்டன் டிராக்ல (அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயமான நாஸ்கார் நடக்கற ஓவல்) எங்க ஆன்லைன் லீக் ரேஸ். வலது முன் டயர் 20 லேப்புக்குள்ள முடிஞ்சிருது. அதுக்கப்புறம் கார் திரும்பவே மாட்டேங்குது, நேரா சுவரைப் பாத்துப் போகுது. மத்தவங்க அதே டயர்ல 35 லேப் ஓட்டுறாங்க. ப்ரெஷரைக் கூட்டணுமா குறைக்கணுமா? யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

கோவை_கியர்
எந்த கேம்? எந்த கார்? செட்டப் ஃபிக்ஸடா ஓப்பனா? ரேஸ் பகல்லயா ராத்திரியா? இதெல்லாம் சொல்லாம ப்ரெஷரைப் பத்தி எப்படிச் சொல்றது ப்ரோ.

காரி_கார்த்தி
கேம்பர்தான் (சக்கரம் செங்குத்துல இருந்து சாயற கோணம்). கேக்கவே வேண்டாம். நான் கோவை காரி ஸ்பீட்வேல எல்ஜிபி ஃபார்முலா 4 ஓட்டிருக்கேன், முன் டயர் சீக்கிரம் போச்சுன்னா பத்துக்கு எட்டு தடவை கேம்பர்தான் காரணம். வலது முன் சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பரை (மேல் பக்கம் உள்ளே சாயறது) கொஞ்சம் கூட்டிப் பாருங்க.

பிட்ரோடு_பாலு
கேம்பரெல்லாம் அப்புறம். ட்ராக் பாரை (பின் அச்சைப் பக்கவாட்டுல பிடிக்கற கம்பி) ரெண்டு படி ஏத்துங்க, பின்பக்கம் லூஸாகும், அதாவது லேசா வழுக்கும், முன் டயருக்கு வேலை குறையும். ஸ்டாக் கார்ல டைட்டுக்கு, அதாவது கார் திரும்ப மறுக்கறதுக்கு, முதல் மருந்து அதுதான்.

பழைய_கார்பரேட்டர்
பாலு, அவர் ஓட்டுறது நாஸ்காரோட நெக்ஸ்ட் ஜென் காரா இருந்தா அதுல ட்ராக் பாரே கிடையாது. 2022ல அந்தக் கார் வந்தப்பவே பழைய திட அச்சு போய், பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தாச்சு. சக்கரத்துக்கு ஒத்தை நட்டு, 18 இஞ்ச் வீல் எல்லாம் அப்ப வந்ததுதான். இந்தப் பகுதியோட தலைப்புல டயர் பத்தி நான் எழுதின நீளமான பதிவு ஒட்டியே இருக்கு. அதைப் படிக்காம வந்து அவசரம்னு எழுதுறதும், காரே தெரியாம மருந்து சொல்றதும் இங்க வழக்கமாப் போச்சு. கேள்வி கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு தம்பி.

டர்ன்4_தினேஷ்
சாரி, ஆபீஸ்ல இருந்து எழுதினேன். ஐரேசிங்கிற கம்ப்யூட்டர் ரேஸ் கேம். நெக்ஸ்ட் ஜென் கார்தான். டயரைப் பிட்ல (டயர் மாத்தற இடம்) கழட்டினப்ப வலது முன் டயர்ல மீதி, சதவீதத்துல: வெளி விளிம்பு 58, நடு 67, உள் விளிம்பு 71. முதல் லேப் 29.8 நொடி வருது, 20வது லேப்ல 32 தாண்டிருது.

காரி_கார்த்தி
பாத்தீங்களா, வெளி விளிம்புதான் அதிகமாத் தேஞ்சிருக்கு. கேம்பர் பத்தல. நான் சொன்னது சரி.

கோவை_கியர்
வெளி விளிம்பு தேய்றதுக்குக் கேம்பர் மட்டும் காரணமில்ல கார்த்தி. திரும்பாத காரை வம்புக்குத் திருப்பினாலும் அந்த விளிம்புதான் தேயும். தினேஷ், செட்டப் ஃபிக்ஸடா ஓப்பனான்னு இன்னும் சொல்லல.

ஷார்லட்_ரேவதி
கூடவே இதையும் சொல்லுங்க: கார் எந்த இடத்துல திரும்ப மாட்டேங்குது? நுழையும்போதா, நடுவுலயா, கேஸ் கொடுத்து வெளிய வரும்போதா? டார்லிங்டன் முட்டை வடிவம். 1950ல கட்டினப்ப ஒரு மீன் குட்டையைத் தொடக் கூடாதுன்னு நிலத்துக்காரர் சொல்லிட்டதால ஒரு முனையைக் குறுக்கிட்டாங்க. இன்னைக்கும் டர்ன் 1, 2ல சாய்வு 25 டிகிரி, 3, 4ல 23. ஒரு முனைக்குச் சரியா வர்ற கார் இன்னொரு முனைல முரண்டு பிடிக்கும். அதனால எந்த முனைன்னு தெரியாம எதுவும் சொல்ல முடியாது. நான் ஷார்லட்ல இருந்து ரெண்டு மணி நேரம் ஓட்டிப் போய் அங்க நாஸ்கார் ரேஸைப் பாக்கறவ. கம்பி வேலிப் பக்கம் உக்காந்தா தெரியும், பாதி ரேஸ்லயே எல்லாக் கார்லயும் வலது பக்கம் பெயின்ட் உரிஞ்சு கோடு போட்டிருக்கும். தரை உப்புத்தாள் மாதிரி டயரைத் தின்னுரும்.

டர்ன்4_தினேஷ்
ஃபிக்ஸட் செட்டப். ரேஸ் சாயங்காலம் ஆரம்பிச்சு ராத்திரில முடியும். பிரச்சனை டர்ன் 3க்குள்ள நுழையும்போது. எல்லா லேப்லயும் இல்ல, சில லேப்ல.

பழைய_கார்பரேட்டர்
ஃபிக்ஸட்னா கேம்பர், ப்ரெஷர், வெட்ஜ் (சக்கரங்களுக்கு எடை பிரியற விதம்) எதையும் தொட முடியாது. மேல எழுதினதுல முக்கால்வாசி வீண். உங்க கைல இருக்கறது பிரேக் பயஸ் (பிரேக் பலம் முன்னுக்கும் பின்னுக்கும் பிரியற அளவு), ஓட்டுற விதம், எப்ப பிட்டுக்கு வரணுங்கிறது, அவ்வளவுதான். பயஸைக் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க. முன் டயருக்குச் சுமை குறையும். ஆனா நுழையும்போது பின்பக்கம் வழுக்கும், அதுக்குத் தயாரா இருக்கணும்.

ஷார்லட்_ரேவதி
"சில லேப்ல" மட்டும்னா டயர் மேல குத்தம் சொல்ல முடியாது தினேஷ். அந்தச் சில லேப்ல என்ன நடக்குது?

டர்ன்4_தினேஷ்
லீக்ல ஒருத்தர் இருக்கார், பச்சைக் கார். போன சீசன்ல மார்டின்ஸ்வில் டிராக்ல அவர் பின் பம்பர்ல நான் லேசாத் தட்டிட்டேன், அவர் சுத்திட்டார். அதுலருந்து எந்த ரேஸ்ல பின்னாடி வந்தாலும் இடிக்கறார். இந்தத் தடவை பிராக்டிஸ்லயே ஆரம்பிச்சிட்டார். அவரை உள்ளே விடக் கூடாதுன்னு கொஞ்சம் ஆழமாப் போறேன். ஆனா அதுக்கும் டயருக்கும் சம்பந்தம் இருக்குமான்னு தெரியல.

பிட்ரோடு_பாலு
தம்பி, இதை முதல் வரியிலயே எழுதிருக்கணும். ஒரே ஒரு தடவை சுவர்ல கொண்டு போய் விடுங்க, அப்புறம் கிட்ட வரமாட்டார். 2015ல நிஜ நாஸ்கார்ல மேட் கென்சத் அதான் பண்ணார். கேன்சஸ்ல 5 லேப் மிச்சம் இருக்கறப்ப இன்னொரு டிரைவர் ஜோயி லோகானோ அவரைச் சுத்திவிட்டார். ரெண்டு வாரம் கழிச்சு மார்டின்ஸ்வில்ல லோகானோ முதல் இடத்துல போயிட்டிருந்தப்ப, பல லேப் பின்தங்கியிருந்த கென்சத் நேரா சுவர்ல அழுத்திட்டார். மரியாதை வேணும்னா சில சமயம் அப்படித்தான்.

கோவை_கியர்
அதோட விலையையும் சொல்லுங்க பாலு. ரெண்டு ரேஸ் தடை. மேல்முறையீட்டுலயும் அது நிக்கத்தான் செஞ்சது, ப்ரொபேஷன் (கண்காணிப்பு) காலம் மட்டும்தான் குறைஞ்சது. தினேஷுக்கு லீக்ல ரெண்டு ரேஸ் போனா சீசனே போச்சு.

பிட்ரோடு_பாலு
தண்டனை அநியாயம்னுதான் நான் சொல்றேன். 2010ல அட்லாண்டால கார்ல் எட்வர்ட்ஸ் 150 லேப்புக்கு மேல பின்தங்கியிருந்து வந்து கெசலோவ்ஸ்கியை இடிச்சார். கார் காத்துல பறந்து தலைகீழா வேலில விழுந்தது. அதுக்கு 3 ரேஸ் ப்ரொபேஷன் மட்டும். 2012ல ஃபீனிக்ஸ்ல ஜெஃப் கார்டன் காத்திருந்து க்ளின்ட் போயரை இடிச்சதுக்கு 1 லட்சம் டாலரும் 25 புள்ளியும். ஒரு ரேஸ் கூட உக்கார வைக்கல. கென்சத்துக்கு மட்டும் ஏன்? அந்த கேன்சஸ் ஜெயம் லோகானோவுக்குத் தேவையே இல்ல. முந்தின வாரம் ஷார்லட்ல ஜெயிச்சு ப்ளேஆஃப்ல (சாம்பியனை முடிவு பண்ற கடைசி சுத்துகள்) அடுத்த சுத்துக்குப் போயாச்சு. கென்சத்துக்கு அந்த ஜெயம்தான் உயிர்.

பழைய_கார்பரேட்டர்
தேவையில்லாத ஜெயம்னு ரேஸ்ல ஒண்ணு கிடையாது. முன்னாடி போறவன் காரை நகத்தணும்னா நகத்துவான், அது பந்தயம். பல லேப் பின்னாடி இருக்கறவன், ஜெயிக்க எந்த வழியும் இல்லாம, முன்னாடி போறவனை அழிக்கறது பந்தயம் இல்ல. ரெண்டையும் ஒண்ணாப் பேசறதுதான் தப்பு. 2010ல நாஸ்கார் "நீங்களே பாத்துக்குங்க"ன்னு விட்டிருந்த காலம். 2015ல ப்ளேஆஃப் முறை மாறியிருந்தது, ஒரு இடில ஒருத்தனோட சாம்பியன்ஷிப்பே போயிரும். அதனால கை ஓங்கினாங்க.

கோவை_கியர்
அன்னைக்கு மார்டின்ஸ்வில்ல ஜெயிச்சது யாரு தெரியுமா? ஜெஃப் கார்டன். அவரோட 93வது ஜெயம், கடைசி ஜெயமும் அதுதான். ரெண்டு பேர் சண்டைல மூணாவது ஆள் ஹோம்ஸ்டெட் இறுதிப் போட்டிக்குப் போனார்.

பிட்ரோடு_பாலு
டென்னி ஹாம்லின் விஷயம்? 2023ல ஃபீனிக்ஸ்ல ராஸ் சாஸ்டெயினை வேணும்னே தள்ளினேன்னு தன்னோட பாட்காஸ்ட்ல வாயால சொன்னார். 50,000 டாலர், 25 புள்ளி. வாயைத் திறக்காம இருந்திருந்தா ஒண்ணும் ஆகிருக்காது. இதுதான் இவங்க நியாயம்.

காரி_கார்த்தி
டயருக்கு வாங்கப்பா. ஹாம்லின்னு சொன்னதும் 2024 மார்ச் பிரிஸ்டல் ரேஸ்தான் எனக்கு ஞாபகம் வருது. அந்த மாதிரி டயர் தேஞ்ச ரேஸை நான் பாத்ததில்ல. தரையில ரப்பர் படியவே இல்ல, உருண்டை உருண்டையா ஓரத்துல குவிஞ்சது. முதல் இடம் 54 தடவை கைமாறுச்சு. ஹாம்லின், ட்ரூயெக்ஸ் மாதிரி பழைய ஆளுங்க மெதுவா ஓட்டித்தான் முதல் ரெண்டு இடத்தைப் பிடிச்சாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல அதே டிராக்ல கைல் லார்சன் 500ல 462 லேப் முன்னாடியே போனார், டயர் தேயவே இல்ல. தரைக்கும் வெப்பத்துக்கும் டயர் அப்படி ஆடும். தினேஷ் ரேஸ் ராத்திரில முடியுது. தரை குளிரக் குளிர பிடிப்பு கூடும், முதல் பாதில தேயற மாதிரி ரெண்டாம் பாதில தேயாது. அதை மனசுல வச்சு பிட் திட்டம் போடுங்க.

ஷார்லட்_ரேவதி
கார்த்தி சொல்றது நல்ல பாயின்ட். கென்சத்துக்கு யாராச்சும் தனி இழை போடுங்க, இங்க ஒரு தம்பி ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் கேட்டு நிக்கறார். தினேஷ், ரீப்ளே ஃபைலை ஏத்துங்க. பச்சைக் கார் பின்னாடி இருக்கற ஒரு ஸ்டின்ட் (ஒரு செட் டயர்ல ஓடற பகுதி), இல்லாத ஒரு ஸ்டின்ட்.

டர்ன்4_தினேஷ்
ஏத்தியாச்சு அக்கா.

ஷார்லட்_ரேவதி
பாத்தேன். ரெண்டு லேப் மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

முதல் ஸ்டின்ட், 6வது லேப், டர்ன் 3. பின்னாடி யாரும் இல்ல. கேஸ்ல இருந்து காலை சீக்கிரமே எடுக்கறீங்க, பிரேக்கை லேசாத்தான் தொடறீங்க, கார் தானா உள்ளே உருளுது. ஸ்டீயரிங்கை ஒரே தடவை திருப்பி அப்படியே பிடிச்சிருக்கீங்க. கேஸ் கொடுக்கும்போது சக்கரம் கிட்டத்தட்ட நேரா இருக்கு. இந்த லேப் அருமை.

ரெண்டாவது ஸ்டின்ட், 9வது லேப், அதே டர்ன். பச்சைக் கார் ரெண்டு கார் தூரத்துல. நீங்க கேஸ்ல இருந்து காலை எடுக்கற இடம் ரொம்பத் தள்ளிப் போயிருச்சு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே திருப்பறீங்க. கார் திரும்பல. இன்னும் திருப்பறீங்க. அப்பவும் திரும்பல, கூட இன்னொரு கால் சுத்து. அந்த நேரத்துல வலது முன் டயர் உருளல, வெளி விளிம்புல குறுக்க இழுபடுது. 58ன்னு வந்தது அங்கதான். இந்த மாதிரி லேப் அந்த ஸ்டின்ட்ல வரிசையா இருக்கு. டயர் ஒரு தடவை சூடேறி வழுக்க ஆரம்பிச்சா அடுத்த டர்ன்ல இன்னும் வழுக்கும், இன்னும் சூடாகும். நேர் ரோட்டுல அது ஆறறதுக்கு நேரமே கிடைக்கல. 29.8 வந்த டயர் 32க்குப் போனது இப்படித்தான்.

பச்சைக் காரையும் கவனிச்சேன். அவர் உங்களை ஒரு தடவைதான் தொட்டார். மத்த லேப்லயெல்லாம் மூக்கை மட்டும் காட்டிட்டுப் பின்வாங்கறார். அவர் டயர் நல்லா இருக்கு, உங்களுது போகுது. அவருக்கு அது போதும்.

நான் செய்யச் சொல்றது இது. முதல் 10 லேப்ல அவர் பின்னாடி வந்தா டர்ன் 3ல கீழ வழி விட்டுக் கொடுங்க, ஒரு இடம் போனாப் போகட்டும். 25 லேப் தாண்டி அவர் டயர் தேயறப்ப திருப்பி எடுத்துக்கலாம். சுவரை ஒட்டி மேல ஓடலாம், ஆனா உரசாதீங்க.

பழைய_கார்பரேட்டர்
ரேவதி சொல்றது சரி. பிட் விஷயம் ஒண்ணு சேத்துக்கறேன். டார்லிங்டன்ல புது டயர் போட்டவன் தேஞ்ச டயர்ல ஓடறவனை விட உடனே ரொம்ப வேகமா ஓடுவான். அதனால பச்சைக் காருக்கு ரெண்டு லேப் முன்னாடி உள்ளே போனா, அவர் வெளிய வர்றதுக்குள்ள தாண்டிரலாம். ஆபத்து என்னன்னா, நீங்க பிட் போன உடனே மஞ்சள் கொடி (விபத்து எச்சரிக்கை) விழுந்தா ஒரு லேப் பின்தங்கிருவீங்க. லீக்ல எத்தனை செட் டயர் கொடுக்கறாங்கன்னும் பாத்துக்குங்க. கடைசி மஞ்சளுக்கு ஒரு செட் கைல இருக்கணும்.

பிட்ரோடு_பாலு
வழி விட்டா தலை மேல ஏறுவார். நான் சொன்னதுல மாத்தமில்ல.

கோவை_கியர்
லீக் நிர்வாகிகிட்ட ரீப்ளேவோட புகார் கொடுங்க தினேஷ். பிராக்டிஸ்லயே இடிக்கறதை எழுத்துல பதிஞ்சு வச்சா, நாளைக்கு ரேஸ்ல ஏதாச்சும் நடந்தா உங்க பக்கம் நிக்கும். நேர்ல மெசேஜ் அனுப்பி மார்டின்ஸ்வில்லுக்கு ஒரு சாரி சொல்லிப் பாக்கலாமே?

டர்ன்4_தினேஷ்
ரேஸ் முடிஞ்சது. முதல் ஸ்டின்ட் 33 லேப் ஓடுச்சு, வெளி விளிம்பு 70ல இருந்துச்சு. 9வது இடம், பச்சைக் கார் 5வது. ரேவதி அக்காவுக்கு நன்றி.

பிட்ரோடு_பாலு
அவர் இடிச்சாரா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?

கோவை_கியர்
சாரி சொன்னீங்களா தினேஷ்?

பழைய_கார்பரேட்டர்
பிரேக் பயஸ் எவ்வளவுல வச்சீங்க, எந்தெந்த லேப்ல பிட் போனீங்க, ரெண்டையும் இங்க எழுதிட்டுப் போங்க தம்பி. அடுத்த தடவை டார்லிங்டன்னு தேடி வர்றவங்களுக்கு அதுதான் வேணும்.