மறு: விடைக்கோழிக் கையேடு – ‘கூடு’ என்ற ஒரே சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம்.

விடைகளை, அதாவது முட்டையிடத் தொடங்காத இளங்கோழிகளை, வளர்ப்பதற்கான நம் கையேட்டு வரைவில் ‘கூடு’ என்பதற்குப் பதில் என்ன சொல் வைக்கலாம் என்று பேசிவருகிறோம். இந்த இழையில் வந்த ‘சேக்கை’, ‘குடம்பை’ (பறவை தங்கும் இடத்துக்கும் கூட்டுக்குமான பழைய இலக்கியச் சொற்கள்) இரண்டும் எனக்கும் பிடித்தவைதான், ஆனால் கையேடும் கையுமாகக் கொட்டகைக்குள் நிற்பவர் அகராதி தேடப் போவதில்லை. கோழி இரவில் ஏறி உட்கார்ந்து தூங்கும் கழிக்கு ஒரு சொல், பகலில் போய் முட்டையிடும் பெட்டிக்கு ஒரு சொல், இவ்வளவுதான் நமக்கு வேண்டும். வரைவில் இரண்டையும் ‘கூடு’ என்றே எழுதியிருக்கிறோம், பலர் கொட்டகையையே கூடு என்பார்கள். “கூட்டில் அடைய விடாதீர்கள்” என்று படித்தால் அவர் எதை மூடுவார்?

விடைகளைப் பழக்குவதே இந்த இரண்டு இடங்களையும் பிரித்துக் காட்டத்தானே. இருட்டும் நேரத்தில் கோழி உயரம் தேடும், விட்டால் முருங்கை மரத்தில் ஏறிவிடும். பெட்டி கழியைவிட உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி எச்சமிடும், மறுநாள் முட்டையெல்லாம் அழுக்கு. ஆகவே கழி மேலே, பெட்டி கீழே. குஞ்சுக்கு நாலு வாரம் ஆவதற்குள் தாழ்வாக ஒரு கழி கட்டிவிட்டால் தானாகவே ஏறிப் பழகும், அப்படி வளர்ந்தவை பின்னால் தரையில் முட்டையிடுவதும் குறைவு என்று ஸ்வீடன் பண்ணைகளைப் பார்த்து 1999இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பிந்திவிட்டால், இருட்டியதும் மூலையில் ஒடுங்கிக் கிடப்பதை இரண்டு கையாலும் எடுத்துக் கழிமேல் வைத்து, விரல்கள் மடங்கிப் பற்றிக்கொள்ளும்வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். சில நாள் விடாமல் செய்தால் பழகிவிடும். ஒரு கோழிக்குக் கழியில் 15 செ.மீ. நீளமாவது கொடுங்கள்.

பெட்டியை முட்டைப் பருவத்துக்கு ஓரிரு வாரம் முன்னால் வைத்தால் போதும், இரவில் மூடிவிட வேண்டும். விடை கேறிக்கொண்டு மூலை மூலையாக நுழைந்து கூளத்தைக் கிளற ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது. வைக்கோல் பரப்பி ஒரு போலி முட்டை வையுங்கள்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ஊரில் கோழி இரவில் ‘அடைகிறது’ என்கிறோம், ‘தங்குகிறது’ என்று சொல்லிக் கேட்டதில்லை, அதனால் கழிக்கு வந்த ‘தங்குகம்பு’ வேண்டாம். கம்பு அதே கையேட்டில் தீவனமாகவும் வருகிறது. ‘அடைகழி’ நல்ல வினைத்தொகைதான், ஆனால் ஒரு ‘க்’ சேர்ந்தால் ‘அடைக்கழி’ ஆகி, அடைக்கோழி பக்கம் போய்விடும். பெட்டியில் இரவு படுத்திருக்கும் கோழி அடைகிறதா, அடைகாக்கிறதா என்று பிரித்தறிய வேண்டிய இடத்தில் இந்தக் குழப்பம் ஆகாது. எனவே ‘அடையுங்கழி’ என்று வைக்கலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பெட்டிக்கு வந்த ‘இடுகூடு’ என் காதில் இடுகாடு என்றே விழுகிறது, அதோடு மறுபடியும் கூடு. ‘முட்டையிடும் பெட்டி’ என்று ஏற்கெனவே புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்வோம். வெறும் ‘முட்டைப்பெட்டி’ என்றால் கடைக்கு அனுப்பும் பெட்டியாகிவிடும். ‘பயிற்சி அளித்தல்’ என்று வரும் இடங்களில் ‘பழக்குதல்’ என்றே போடலாம், மாட்டையும் அப்படித்தானே சொல்கிறோம்.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் வரைவில் மாற்றிவிடுகிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் கழிக்கு வேறு சொல் இருந்தால் அதையும் எழுதுங்கள், இணைச்சொல்லாகச் சேர்ப்போம்.