பவானும் கேலியார்டும்: கீபோர்டில் வேகத்தை எப்படிப் பிடிப்பது?

பூம்பாறை கீபோர்டு:
எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிறேன், எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறேன். பழைய ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பேர்டின் ‘சாலிஸ்பரி பிரபு’ என்ற பவான் (நிதானமான நடன இசை) எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், நோட்ஸ் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் வாசித்தால் இழுவையாக இருக்கிறது. நடன இசை என்கிறார்கள், இதற்கு எப்படி ஆடினார்கள்? கூடவே வரும் கேலியார்டை, அதாவது துள்ளல் நடன இசையை, எவ்வளவு வேகமாக எடுப்பது?

குன்னூர் டீச்சர்:
தம்பி, தாளம் தட்டும் மெட்ரோனோமை ஓரமாக வையுங்கள். எழுந்து நின்று ஆடிப் பாருங்கள்.

ஆர்போ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1589-இல் வெளிவந்த தன் நடனப் புத்தகத்தில் அடிகளை எழுதியே வைத்திருக்கிறார். பவானுக்கு: இடது கால் முன்னே, வலது வந்து சேரும். வலது முன்னே, இடது வந்து சேரும். அப்புறம் இடது, வலது, இடது என்று மூன்றடி நடந்து, கால் சேர்க்க வேண்டும். மொத்தம் எட்டு எண்ணிக்கை. நீள அங்கி போட்டு ஜோடி ஜோடியாக நடக்கிற நடை அது. உங்கள் வீட்டுக் கூடத்தில் தடுமாறாமல் எந்த வேகத்தில் நடக்க முடிகிறதோ, அதுதான் வேகம்.

கேலியார்டு ஆறு எண்ணிக்கை. முதல் நாலில் துள்ளித் துள்ளிக் காலை முன்னே வீச வேண்டும், ஐந்தில் உடம்பு காற்றில் இருக்கும், ஆறில் தரை. அந்தத் தாவலுக்கு நேரம் கொடுக்காமல் ஓட்டுபவர்களைக் கேட்டால் எனக்கு மனசே ஆறாது. ஐந்தாவது எண்ணை அவசரப்படுத்தாதீர்கள்.

பேர்டின் மற்ற பவான்களுக்குப் போகும்போது இன்னொன்றும் கவனியுங்கள். 1591-இல் எழுதி முடித்த நெவில் சீமாட்டியின் கையெழுத்துப் பிரதியில் பேர்டின் 42 துண்டுகள் இருக்கின்றன. அதிலுள்ள பவான்களில் பெரும்பாலும் மூன்று பகுதிகள். ஒவ்வொன்றும் திரும்ப வரும்போது பொடி ஸ்வரங்களாக நிரம்பி வரும். அந்த நெருக்கமான இடத்தை முதலில் வாசித்து வேகத்தை முடிவுசெய்துவிட்டு ஆரம்பத்துக்கு வாருங்கள். உங்கள் சாலிஸ்பரியில் இரண்டே பகுதிகள், தலா எட்டு பார் (தாளக் கட்டம்). திரும்ப வாசிக்கையில் நீங்களே கொஞ்சம் அலங்காரம் சேர்க்கலாம்.

இதெல்லாம் ஹார்ப்சிகார்ட் குடும்பத்துச் சின்ன வாத்தியமான விர்ஜினலுக்கு எழுதியது. இறகுத் தண்டு கம்பியைச் சுண்டும், நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் அத்தனை ஓட்டம். அதனால் நாதத்தை நீட்டும் பெடலைத் தொடவே வேண்டாம். என் பியானோவில் ஆடி மாதம் வந்தால் ஈரத்தில் கட்டைகள் உப்பி, அழுத்தினால் மேலே எழும்பாது. ஈரம் காய உள்ளே சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டுத்தான் பொடி ஸ்வரங்களை வாசிக்கிறேன். கீபோர்டில் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கோத்தகிரி ஹட்டி:
டீச்சர் சொல்வது ரொம்பச் சரி. நான் படுகர் வீட்டுப் பையன். எங்கள் ஆட்டத்தில் வட்டம் முழுக்கக் கால் ஒன்றாக விழ வேண்டும், வாசிப்பவர்கள் காலைப் பார்த்தே வாசிப்பார்கள். பூம்பாறை அண்ணா, யாரையாவது ஆடவிட்டு வாசித்துப் பாருங்கள். எளிதாக வேண்டுமென்றால் பாரிஸில் 1531 வாக்கில் அத்தேஞ்ஞான் என்பவர் அச்சிட்ட பிரான்ல் என்ற குழு நடன இசைத் துண்டுகளில் ஆரம்பிக்கலாம்.

பூம்பாறை கீபோர்டு:
நன்றி டீச்சர், நன்றி தம்பி. தங்கச்சியை நடக்கவிட்டு வாசித்தேன், இழுவை போய்விட்டது! ஹார்ப்சிகார்ட் வாய்ஸில் டச் ரெஸ்பான்ஸை (அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் வசதியை) ஆஃப் செய்ய வேண்டுமா?

குன்னூர் டீச்சர்:
ஆமாம், கட்டாயம். விர்ஜினலில் ஓங்கி அடித்தாலும் மெதுவாகத் தொட்டாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவுதான். விரலை எப்போது எடுக்கிறீர்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது, இந்த வாரம் அதையே பழகுங்கள்.