விடியற்காலை வண்டி புதுக்கோட்டையில் ஏன் நிற்கிறது? ஆட்டோவை எத்தனை மணிக்கு வரச்சொல்வது?

ஆத்தங்குடி பேரன்:
மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து ராத்திரி வண்டியில் காரைக்குடி வருகிறேன், அங்கிருந்து ஊருக்கு ஆட்டோ. வண்டி திருச்சியை விட்டதும் நன்றாக ஓடிவந்து புதுக்கோட்டைக்கு 15, 20 நிமிஷம் முன்னாலேயே வந்துவிடும். வந்து நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். எதிர்வண்டியும் வராது. கதவோரம் போய்ப் பார்த்தால் முன்னால் சிவப்பு சிக்னல், பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய், அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு நிற்கிற வண்டி எங்கே சீக்கிரம் போகப்போகிறது என்று போன மாதம் டைம் டேபிள் நேரத்துக்கே ஆட்டோவை வரச்சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அன்றைக்குப் பார்த்துக் காரைக்குடிக்கே கால் மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. ஒரு காலில் செருப்பு, இன்னொன்று கையில், அப்படியே இறங்கினேன். அப்பத்தாவின் முறுக்குச் சம்படம் பெர்த்துக்கு அடியிலேயே போய்விட்டது, அதற்கு இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஆட்டோவும் வரவில்லை.

ஓரிடத்தில் சீக்கிரம் வந்ததற்காக நிறுத்தி வைக்கிறார்கள், அடுத்த இடத்துக்குச் சீக்கிரமே கொண்டுபோய் விடுகிறார்கள். என்ன கணக்கு இது?

பள்ளத்தூர் மாப்பிள்ளை:
டிரைவர் குட்டித்தூக்கம் போடுவார், வேறென்ன.

தேவகோட்டை ரஸ்தா:
மாப்பிள்ளை, ஸ்டேஷனைவிட்டுக் கிளம்ப அனுமதி கொடுக்கிற ஸ்டார்ட்டர் சிக்னல் விழாமல் எந்த டிரைவரும் வண்டியை அசைக்க முடியாது. நான் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவன். 2022-இல் அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் கார்டுதான்.

ஆத்தங்குடித் தம்பி, புதுக்கோட்டையில் ஏற ஆள் இருக்கும். அச்சடித்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால்கூட அங்கிருந்து வண்டியை எடுக்கக் கூடாது, அரை மணி முன்னால் வந்தாலும் நின்றுதான் ஆகவேண்டும். போய்ச் சேருவதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, முன்னால் போனால் போனதுதான். உங்களுக்கு நடந்தது இரண்டும் இதுதான்.

அந்த மிச்ச நேரம் எங்கிருந்து வந்தது என்றால், டைம் டேபிள் போடும்போதே சேர்த்துவிடுவார்கள். தண்டவாள வேலை நடக்கும் இடத்தில் காஷன் ஆர்டர் கொடுத்திருப்பார்கள், 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகவேண்டும். அதற்காகச் சேர்க்கிற நேரம் இன்ஜினியரிங் அலவன்ஸ். இதுபோக, லேட்டானால் ஈடுகட்ட ரெக்கவரி டைம் என்று தனியாக உண்டு. இதைப் பெரும்பாலும் வண்டி முடிகிற ஸ்டேஷன், பெரிய ஜங்ஷன், டிவிஷன் மாறும் இடம் இவற்றுக்குச் சற்று முன்னால் போட்டு வைப்பார்கள், ரைட் டைமா லேட்டா என்று கணக்குப் பார்ப்பது அங்கேதானே. திருச்சியைத் தாண்டினால் வண்டி மதுரை டிவிஷன் கைக்குப் போகிறது, அதனால் திருச்சிக்கு வருவதற்கு முன்னாலும் கொஞ்சம் இருக்கும். நீங்கள் தூங்கியிருப்பீர்கள்.

பகல் வண்டிக்கும் இதெல்லாம் உண்டு, ஆனால் தெரியாது. நம்முடையது ஒற்றைப் பாதை. பகலில் எதிர்வண்டிக்கு வழிவிட லூப்பில், அதாவது ஸ்டேஷனில் பக்கத்துத் தண்டவாளத்தில், ஒதுங்கினாலே பத்து நிமிஷம் போய்விடும். நீங்கள் வருகிற நேரத்தில் எதிரில் வண்டி குறைவு, சேர்த்து வைத்த நேரம் அப்படியே மிஞ்சுகிறது. அப்புறம், லைன் மின்மயமாவதற்கு முன்னால் திருச்சியில் மின்சார எஞ்சினைக் கழற்றி டீசலை மாட்டி, பிரேக் சோதித்துவிட்டுத்தான் கிளம்புவோம். இப்போது அந்த வேலையும் இல்லை.

கோட்டையூர் மருமகள்:
எழும்பூர் போகும்போதும் இப்படித்தான் அண்ணே. செங்கல்பட்டில் எழுந்து பல் விளக்கி, பையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தாம்பரம் வருவதற்குள் திரும்பத் தூக்கம் வந்துவிடுகிறது. அங்கே யாருக்காக நிற்கிறது?

தேவகோட்டை ரஸ்தா:
அது வேறு விஷயம்மா. தெற்கேயிருந்து போகிற ராத்திரி வண்டி எல்லாம் விடிவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்னையின் அந்த வாசலில்தான் போய் நிற்கும், புறநகர் மின்சார ரயிலும் அதிகாலை நாலு மணிவாக்கில் ஓட ஆரம்பித்துவிடும். செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் அங்கே கொடுத்த கூடுதல் நேரம் முழுக்கச் செலவாகும் நாளே அதிகம். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆத்தங்குடி பேரன்:
இப்போது புரிகிறது. ஆனால் ஆட்டோ?

தேவகோட்டை ரஸ்தா:
டைம் டேபிளில் போட்ட காரைக்குடி நேரத்தை மறந்துவிடுங்கள். காரைக்குடியிலிருந்து கிளம்பிப் புதுக்கோட்டை போகிற எக்ஸ்பிரஸ் ஒன்றுக்கு எத்தனை நிமிஷம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். தூரம் 40 கிலோமீட்டருக்குள்தான். ஓட்டத்துக்கு வேண்டிய நேரம் அதுதான், உங்கள் வண்டிக்கு அதற்கு மேல் போட்டிருப்பதெல்லாம் கூட்டி வைத்தது. புதுக்கோட்டையில் வண்டி அசைந்த நிமிஷத்தோடு அதைக் கூட்டி ஆட்டோவுக்குச் சொல்லுங்கள். போனில் வண்டி பார்க்கிற ஆப்பில் புதுக்கோட்டைக்கு அலாரமும் வைத்துக்கொள்ளுங்கள், நிற்கிற நேரத்தில் செருப்பைத் தேடலாம்.

ஆத்தங்குடி பேரன்:
சனிக்கிழமை சொன்னபடியே செய்தேன். புதுக்கோட்டையில் 17 நிமிஷம் நின்றது, கிளம்பியதும் ஆட்டோவுக்குப் போன் போட்டேன், 36-வது நிமிஷம் காரைக்குடி. டைம் டேபிளுக்கு 14 நிமிஷம் முன்னால். ஆட்டோ வாசலிலேயே நின்றது. அந்த அண்ணன்தான் பின்சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப ஐந்து நிமிஷம் ஆனது.