அக்காவுக்காக ஜெபமும் வழிகாட்டலும் வேண்டும்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். அத்தான் இறந்த பிறகு அக்கா ஆலயத்துக்கு வருவதையே விட்டுவிட்டார். "விசுவாசம் இருந்தால் இப்படி அழலாமா" என்று சிலர் கேட்டது அவரை இன்னும் முடக்கிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வேதாகமத்திலேயே 88ஆம் சங்கீதம் என்ற புலம்பல் ஜெபம் இருளிலேயே முடிகிறது. சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குக் கர்த்தர் முதலில் தந்தது உறக்கமும், சுட்ட அடையும், தண்ணீரும்தானே!

இப்போது இரவில் இருவரும் ஒரு சங்கீதம் வாசிக்கிறோம். அப்புறம் கொஞ்சம் பேசுகிறார். சிகிச்சையும் வேண்டும் என்று நினைக்கிறேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தாரும் கூடவே தங்கலாம் என்பதால் அங்கே அழைத்துப்போக யோசிக்கிறேன். போய் வந்தவர்கள் நடைமுறையைச் சொல்லுங்கள். நெல்லைப் பக்கம், துணையை இழந்தவர்கள் மனம்விட்டுப் பேசும் ஜெபக்குழு ஏதாவது இருந்தாலும் தெரிவியுங்கள். அக்காவுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.