பக்கத்து சீட்டில் இருந்து பார்த்தவை

ஐந்தாம்கியர்

விபத்து என்றதும் வேகம், குடி, செல்போன் என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஓட்டியவருக்கு அன்று மனசு எப்படி இருந்தது, உடம்பு எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் 3,500க்கும் அதிகமானோரின் கார்களில் கேமரா பொருத்தி எடுத்த பதிவுகளை வெர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் அலசி, 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெளியே தெரிகிற அளவுக்குக் கோபமோ அழுகையோ படபடப்போ இருக்கும்போது விபத்து அபாயம் கிட்டத்தட்ட 10 மடங்கு. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு அதே ஆய்வில் வந்தது 3.6 மடங்குதான். போனுக்கு அபராதம் போடலாம், அழுகைக்கு எப்படிப் போடுவது?

ஓட்டியவர் சொல்லும் கதை இங்கே வேண்டாம். அவருக்கு எப்போதுமே 'நான் நல்லாத்தான் ஓட்டினேன்'. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

முதலில் நான். சொத்துத் தகராறு ஒன்றைப் பேசி முடித்துவிட்டு அண்ணன் காரை எடுத்தார். வேகம் துளியும் கூடவில்லை, அதனால் நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஆனால் உதடு அசைந்துகொண்டே இருந்தது. விட்டுவந்த சண்டையை உள்ளே தொடர்ந்துகொண்டிருந்தார். சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்றார். பின்னால் ஒருவர் சும்மா ஹாரன் அடித்தார், அவ்வளவுதான், இவர் சிவப்பிலேயே கிளம்பிவிட்டார். குறுக்கே வந்த லாரிக்காரர் பிரேக் போட்டதால் இதை எழுதுகிறேன். "பச்சை விழுந்துச்சே" என்று அண்ணன் இன்றுவரை சொல்கிறார். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர்.

எல்போர்டு வாத்தியார்

ஓட்டுநர் பயிற்சி கொடுப்பதால் பக்கத்து சீட்டுதான் எனக்கு ஆபீஸ். மனசு சரியில்லாத ஆளைக் கண்டுபிடிக்க நான் பார்ப்பது கண்ணாடியை. அமைதியாக இருப்பவர் சில விநாடிகளுக்கு ஒரு தடவை நடுக்கண்ணாடி, பக்கக் கண்ணாடி என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டே இருப்பார். வீட்டில் திட்டு வாங்கி வந்தவருக்கு முதலில் நின்றுபோவது அந்தப் பார்வைதான். கண் நேராக ஒரே இடத்தில் குத்தி நிற்கும். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல் வெளுத்திருக்கும்.

அப்போது நான் பாடம் நடத்துவதில்லை. 'கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள்' என்பேன். இடப்பக்கம் ஒரு சைக்கிள், முன்னால் பஸ் நிற்கப்போகிறது, இப்படி. இது பல நாடுகளில் பயிற்சியிலேயே இருக்கும் முறைதான். மனசு வேறெங்கோ இருப்பவர் நாலு வாக்கியத்துக்கு மேல் சொல்ல மாட்டார். அத்தோடு அன்றைய வகுப்பு முடிந்தது, காரை ஓரங்கட்டச் சொல்லிவிடுவேன்.

ஒன்று விட்டுவிட்டேன்: சந்தோஷமும் சேர்த்திதான். வேலை கிடைத்த சேதியோடு வந்த ஒரு பையன் அன்றைக்கு ஒரு வளைவைக்கூட ஒழுங்காக எடுக்கவில்லை.

நேர்வழி

எனக்கு நேர்மாறு. கோபம் வந்தால் தூக்கம் ஓடிவிடும், கவனம் கூடும். நீண்ட வழியில் அது நல்லதுதான் என்பேன்.

எல்போர்டு வாத்தியார்

கூடும் சார், மறுக்கவில்லை. ஆனால் யார்மேல் கூடுகிறது? உங்களுக்குக் குறுக்கே புகுந்த அந்த ஒரு வண்டிமேல். சந்திலிருந்து வெளியே வருகிற குழந்தை அந்தக் கவனத்துக்குள் வராது. பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

வெயில்மழை

என் கணவர் இன்சுலின் போடுகிறவர். பரம சாது. ஒரு சாயங்காலம் ஒவ்வொரு திருப்பத்திலும் என்னோடு வாதம் பண்ணத் தொடங்கினார். 'இந்த வழி இல்லை' என்றால் 'எனக்குத் தெரியும்' என்று சீறல். ஏதோ மனத்தாங்கல் என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் தெருவைத் தாண்டியே போய்விட்டார். ஏசி ஓடும்போதே நெற்றியில் வியர்வை வழிவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நிறுத்து என்று கத்தினேன். சர்க்கரை மீட்டர் 54 காட்டியது.

சர்க்கரை இறங்கினால் மயக்கம் வரும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். மயக்கத்துக்கு முன்னால் பிடிவாதமும் எரிச்சலும் வரும், பேச்சு குளறும். வெளியாள் பார்த்தால் குடித்திருக்கிறார் என்பார். தன்னைத் தானே மதிப்பிடும் மூளைக்கே சர்க்கரை போதவில்லை என்றால் அவருக்கு எப்படித் தெரியும்? 70க்குக் கீழே போனாலே குறைவு என்பது மருத்துவக் கணக்கு. பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்கு 'ஓட்ட ஐந்து' என்று ஒரு விதி சொல்லித்தருகிறார்கள், அதாவது கிளம்பும்போது சர்க்கரை குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அங்கே சர்க்கரையை அளப்பது மில்லிமோல் என்ற வேறு அலகில். நம் மீட்டரில் அந்த 5 என்பது 90. சர்க்கரை இறங்கிவிட்டால் எஞ்சினை அணைத்து, ஓட்டுநர் சீட்டைவிட்டு மாறி உட்கார்ந்து, இனிப்பு சாப்பிட வேண்டும். அளவு ஏறியதும் கிளம்பிவிடவும் கூடாது. அதற்குப் பிறகும் 45 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறார்கள், மூளை தெளிய அவ்வளவு நேரமாகும். இந்த 45 நிமிடத்தை எங்களுக்கு முதலில் யாரும் சொல்லவில்லை.

இப்போது வீட்டில் கார்ச் சாவியும் மீட்டரும் ஒரே டப்பாவில்.

மாத்திரைக்கடை

வெயில்மழை அக்கா சொன்னது போலவே, தனக்குத் தெரியாமல் நடப்பது மருந்திலும் உண்டு. ஜலதோஷத்துக்கு 'நல்லா கேட்கிற மாத்திரை' கேட்டு வாங்கி, கடை வாசலிலேயே விழுங்கிவிட்டுக் காரில் ஏறுகிறவர்களை தினமும் பார்க்கிறேன். அப்படிப் போன ஒருவரின் மகள் மறுநாள் வந்து சண்டை போட்டாள்: "அப்பா ரோட்டில் போட்ட கோட்டைத் தாண்டித் தாண்டி ஓட்டினார், கேட்டால் எனக்கு ஒண்ணும் இல்லைங்கிறார்."

அவர் சொன்னதும் நிஜமாகவே இருக்கலாம். அமெரிக்காவின் அயோவாவில் ஒரு ஓட்டுநர் சிமுலேட்டரில் (திரையில் ரோடு ஓடும் போலிக் கார்) டைஃபென்ஹைட்ரமின் என்ற பழைய வகை அலர்ஜி மருந்தை (ஜலதோஷ மாத்திரை பலவற்றில் இருப்பதும் இந்த வகைதான்) சோதித்து 2000இல் வெளியிட்டார்கள். அதை எடுத்தவர்கள் சாராயம் குடித்தவர்களைவிட மோசமாக ஓட்டினார்கள். இதில் எனக்குப் பயமாக இருந்தது வேறு ஒரு விஷயம்: தூக்கம் வருகிறதா இல்லையா என்று அவர்கள் சொன்னதை வைத்து அவர்கள் எப்படி ஓட்டுவார்கள் என்று கணிக்க முடியவில்லை. ஃபெக்ஸோஃபெனடின் என்ற புது வகை அலர்ஜி மருந்தை எடுத்தவர்கள், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்கள் போலவே ஓட்டினார்கள். ஆகவே ஓட்டுபவர் என்றால் கடையில் அதைச் சொல்லிக் கேளுங்கள், வேறு வகை இருக்கிறது. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

நைட்டூட்டி

இரவுப் பணி முடிந்து நர்சுகள் நாங்கள் ஒரே காரில் திரும்புவோம். ஓட்டிக்கொண்டிருந்த தோழியிடம் ஒரு காலை ஏதோ கேட்டேன், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் கண் திறந்தே இருக்கிறது! தோளைத் தொட்டதும் "என்ன கேட்ட?" என்றாள். தூங்கியது அவளுக்கே தெரியாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கார் 28 மீட்டர் போகும். எவ்வளவு தூரம் ஆளில்லாமல் போனோம் என்று கணக்குப் போடவே பிடிக்கவில்லை.

17 மணி நேரம் விழித்திருந்தால் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பதற்குச் சமமான தடுமாற்றம் வருகிறது என்று 1997இலேயே நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதிவிட்டார்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஓரங்கட்டி, காபி குடித்து, உடனே ஒரு 15 நிமிடம் கண்ணயர்ந்தால் பலன் உண்டு. காபி வேலைசெய்ய எப்படியும் அரைமணி ஆகும், அதற்குள் தூக்கமும் கொஞ்சம் தீர்ந்திருக்கும். அதுவும் வீடு போய்ச் சேரத்தான்.

குறட்டைவீடு

எட்டு மணி நேரம் தூங்கியும் சிக்னலில் கண்ணயர்கிறவர் எங்கள் மாமனார். "தூங்கலைப்பா, யோசிக்கிறேன்" என்பார். பரிசோதித்ததில் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றார்கள். தூங்கும்போது காற்றைச் செலுத்தும் முகமூடி மெஷினைப் பழகிக்கொள்ள ரொம்ப அழிச்சாட்டியம் பண்ணினார். இப்போது சிக்னலில் அவர்தான் என்னை எழுப்புகிறார்.

ஐந்தாம்கியர்

எல்லாம் சரி, இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? 'கோபமா இருக்கீங்க, நான் ஓட்டட்டுமா' என்றால் அண்ணனுக்கு இன்னும் ஏறுகிறது.

வெயில்மழை

வாதமே கூடாது. 'எனக்கு பாத்ரூம் போகணும், அவசரம்'. எந்த ஆளும் நிறுத்திவிடுவார். நின்ற பிறகு சாவியைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

நைட்டூட்டி

நான் வாந்தி வருகிறது என்பேன். அது இன்னும் வேகமாக நிற்கும், சீட் அவர்களுடையது அல்லவா.

எல்போர்டு வாத்தியார்

சொந்தக்காரர்களுக்கு ஒரு திருத்தம்: நிறுத்தியதும் அறிவுரையை ஆரம்பிக்காதீர்கள். இறங்கி நாலு எட்டு நடக்கவிடுங்கள்.

நேர்வழி

போன வாரம் வெளியூர் போகும்போது மனைவி மூன்று தடவை பாத்ரூம் என்று நிறுத்தச் சொன்னாள். டாக்டரைப் பார்க்கலாமா என்று நானே கேட்டேன். இதைப் படித்துவிட்டு இப்போது விசாரித்தேன். சிரிக்கிறாள், பதில் சொல்லவில்லை.